இருபத்துநாலு ஓட்டைப் பெட்டி

மார்ச் 2, திங்கள்
பேத்தி தனியாக எடுத்துச் செய்யும் முதல் வேலை, அதுவும் நான் பதினாறு வருடமாகக் கூட்டித் துடைக்கும் வக்கீல் ஆபீசில். இவளைக் கூப்பிடச் சொல்லி வக்கீலம்மாவிடம் சொன்னது நான்தான். காத்திருக்கிறவர்கள் போனில் ஆபீஸ் வைஃபை போட்டால் கேஸ் ஃபைலெல்லாம் தெரிகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் தடுக்க வேண்டும்.

ஒயர் சொருக இருபத்துநாலு ஓட்டை வைத்த புதுப் பெட்டி ஒன்றை மாட்டினாள். “பெட்டி ஒண்ணுதான் பாட்டி. உள்ள ரெண்டு வீடாப் பிரிச்சிடுவேன். ஆபீஸுக்கு ஒண்ணு, வர்றவங்களுக்கு ஒண்ணு.” இப்படிப் பிரிப்பதற்குப் பேர் வீலானாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிகிற மாதிரி சொல்கிறாள். சாயங்காலமே எல்லாம் ஓடியது. என் பேத்தியாக்கும்.

மார்ச் 3
புதுப் பெட்டியில் அதற்குள் தூசி. துடைத்தேன். ஒயர்கள் பின்னிக் கிடந்தன. கழற்றி, நீலத்தோடு நீலம், சாம்பலோடு சாம்பலாகச் செருகிவைத்தேன். லட்சணமாக இருந்தது.

பத்து மணிக்கு மேல் எல்லாம் நாசம். பிரிண்டரைக் காணோம். காத்திருந்த ஆளின் போனில் கேஸ் ஃபைல். “நீங்க பிரிச்ச வேகத்துல பிரிண்டர் தனிக்குடித்தனம் போயிடுச்சும்மா” என்கிறான் குமாஸ்தா. இவன் வாயில் ஒயரைச் சொருக.

“நான்தான் நம்பரைத் தப்பாப் போட்டிருக்கேன் போல” என்று ஒயரையெல்லாம் பிடுங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டாள். சரியானது.

மார்ச் 4
இன்று தொல்லை இல்லை. சோதிக்கிறேன் என்று ஒயரையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நாளைக் காலையில் முதல் வேலை அதை அடுக்குவதுதான்.

மார்ச் 5, வியாழன்
மறுபடியும் அதே கதை. என்ன பெட்டியோ, எந்தக் கடையில் வாங்கினார்களோ.

கீழே குந்தி, கையில் காகிதத்தோடு ஓட்டைகளை எண்ணினாள். “ஏழுல பிரிண்டர்னு எழுதியிருக்கேன். இப்ப பத்தொம்பதுல இருக்கு. எந்த ஓட்டையோ அதை வச்சுதான் எந்த வீடுன்னு பெட்டிக்குத் தெரியும். எனக்கு இந்த வேலை வராது பாட்டி.”

நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன்.

காலையில் அடுக்கினேனே.

வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? பதினாறு வருடத்தில் ஒரு கண்ணாடி உடைத்ததில்லை என்ற பெருமை. வக்கீலம்மா வேறு, “நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான். அப்புறம் வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டார். இவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

மார்ச் 6
எல்லார் முன்னாலும் சொன்னேன். “ஒயரை மாத்திச் சொருகினது நான்தாம்மா. ரெண்டு தடவை.”

குமாஸ்தா சிரித்தான். பேத்தி சிரிக்கவில்லை. “நாலு நாளா எனக்கு மூளையே இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்.” அரை மணியில் முடித்தாள். ஒவ்வொரு ஒயரிலும் நம்பர் ஒட்டினாள். வீடு வரும்வரை பேசவில்லை.

மார்ச் 9
இன்னும் பேசவில்லை.

மார்ச் 26
மாடி ஆபீசிலும் இவளையே கூப்பிட்டிருக்கிறார்கள். வக்கீலம்மா சொல்லித்தான். காலையில் கிளம்பும்போது, “அங்க யாரு பாட்டி கூட்டுறாங்க?” என்று கேட்டாள். “நான்தான்” என்றேன். “விளங்கிடும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நம் ஆபீஸ் பெட்டிமேல் தூசி விரல் கனத்துக்கு ஏறிவிட்டது. அப்படியே விட்டுவிட்டு மேசையைத் துடைக்கப் போனேன்.