நேர்முகத்தில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியது

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைக் கேட்கப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்ட லட்சணமே போதும்.

எதற்காக டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று நம் வீட்டில் உட்கார்ந்து டியூஷன் சார் ஒத்திகைக்குக் கேட்டதும், "உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க ஆசை சார்" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வீடே கேட்டது. சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போன தடவை நேர்முகத்திலும் இந்த ஆசையைச் சொல்லித்தானே வெறுங்கையோடு வந்தாய். அந்தப் பல்கலைக்கழகத்தில் நூறு பேரை உள்ளே கூப்பிட்டு நாலு பேரை வைத்துக்கொள்கிறார்கள், மற்றவர்களுக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன. இந்தத் தடவையும் விட்டால் உனக்கு வயது தாண்டிவிடும். நான் எத்தனையோ வருஷமாக வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். டெஸ்ட் அன்று கண்ணாடியைப் பார்த்தால் போதாது, நீ பார்ப்பது பக்கத்தில் இருக்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டும், அதற்காகத் தலையையே திருப்பு என்பேன். கேட்டவன் எவனும் பெயிலானதில்லை. நீ மட்டும்தான் தலையைத் திருப்ப வெட்கப்படுகிறாய். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு, படிப்பைப் பாதியில் விட்டவள், அவள் விழும்போதெல்லாம் தலையைத் தாங்கிப் பிடித்தவன் நீ. இதைச் சொல்லடா என்றால், "அக்காவை விக்கச் சொல்றீங்களாப்பா" என்று சார் முன்னாலேயே கேட்கிறாய். விற்க உன்னிடம் வேறு என்ன இருக்கிறது, அந்த மூஞ்சியா.

நீ போனை வைத்த பிறகு நடந்ததைக் கேள். அக்கா துணி மடித்துக்கொண்டே, "தம்பிக்குக் கூச்சமா இருந்தா நான் செத்துப்போயிட்டேன்னு சொல்லிடட்டும்பா, அதுக்கப்புறம் யாரும் எதையும் துருவ மாட்டாங்க" என்றாள். கோபமா கிண்டலா தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் நான் மெனக்கெடவில்லை. சார் நிமிர்ந்து உட்கார்ந்து, நல்லா எடுபடும் என்றார். உன் அம்மா தட்டை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனவள்தான், இன்று வரை என்னோடு பேச்சில்லை, முட்டிவலி மாத்திரையையும் தொடவில்லை. போகட்டும், நீ டாக்டரான பிறகு சாவகாசமாகப் பேசிக்கொள்கிறோம். ஆகவே முடிவு இதுதான். அக்கா போன வருஷம் இறந்துவிட்டாள். குளியலறையில் விழுந்தாள், நீ பரீட்சைக்குப் போயிருந்தாய், தாங்கிப் பிடிக்க ஆளில்லை. சொல்லும்போது தரையைப் பார்க்காதே, அவர்களைப் பார். கண் கலங்கட்டும், வழியக் கூடாது. கலங்க மறுத்தால் நிஜமாகவே அப்படி நடந்ததாக நினைத்துப் பார். இங்கே யார் போன் செய்தாலும் அவள் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன், தலையாட்டினாள். நீயும் இனி அக்கா எங்கே, அவளிடம் கொடு என்று கேட்காதே, அந்தப் பழக்கம் அங்கே வாய் தவறி வந்துவிடும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சட்டைக் காலரைத் தேய்த்துப் போடு, போன தடவை சுருண்டு கிடந்தது. நீ நினைத்தது நடக்காவிட்டாலும் நான் நினைத்தது நடக்க என் ஆசீர்வாதம். அம்மாவின் ஆசியும் உண்டு என்று வைத்துக்கொள். படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட மறக்காதே. அடியில் இரண்டு வரி எழுதட்டுமா என்று அக்கா பேனாவோடு வந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கையெழுத்தை நீ யோசிக்காமல் கிழித்துவிடுவாய், அவளுடையதைக் கிழிக்க மாட்டாய்.

இப்படிக்கு,
உன் அப்பா