பெட்டிக்குள் தெளித்த தீர்த்தம்

ரொறன்ரோ, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஞானசவுந்தரிக்கு,

நான் சுகம். உமது முழங்கால் நோ குறைந்ததா?

ஒளியால் இயங்கும் எங்கள் முதல் குவாண்டம் கணினி இன்று ஆய்வுகூடத்தை விட்டு, வாங்கியவர்களிடம் லொறியில் போனது. புது வள்ளம் கடலில் இறக்கும்போது செய்வதுபோல, அதன் பெட்டியை மூடுமுன் நீர் பார்சலில் அனுப்பிய கோயில் தீர்த்தத்தை உள்ளே தெளித்தேன். பிறகுதான் யோசித்தேன். மூக்குக்கண்ணாடியில் ஒரு துளி பட்டாலே எழுத்து மங்கும். இதில் ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழையின் நுனி நனைந்தால் ஒளி வழியிலேயே தொலைந்துவிடும். நுனிகளுக்கு மூடி போட்டிருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

"என்ன சேர், முகம் வெளிறிக் கிடக்கு?" என்று பிரவீனன் கேட்டான். என்னிடம் படித்து, என்னையே வேலைக்கு எடுத்த பிள்ளை.

"குளிர், தம்பி" என்றேன்.

நாளை அங்கே இயக்குவார்கள். பிழையாய்ப் போனால் பிரவீனனின் கம்பனியே மூடப்படும்.

நீர் பயப்படாதேயும். அடுத்த பார்சலில் கடித்துத் தின்னப் புழுக்கொடியல் வையும், தீர்த்தம் வேண்டாம். பிரவீனனிடம் உண்மையைச் சொல்ல இப்போது போகிறேன். முதலில் உமக்குச் சொன்னால் பயம் குறையும் என்றுதான் எழுதினேன். குறையவில்லை.

உமது
யாக்கோப்பு