என் பெயரில் வந்த பொய்

ஜூன் 9
திம்புள்ளப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், வரிசை வீடொன்றின் சுவர் இடிந்து விழுந்து வேலாயி என்ற கொழுந்தெடுக்கும் பெண் இறந்துபோனாள். சுவர் வெடித்திருப்பதைத் தோட்ட நிர்வாகத்திடம் பல தடவை சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை என்றார் கணவர் ஆண்டியப்பன். ஹட்டன் திரும்பிய கையோடு செய்தி எழுதிக் கொழும்பிலுள்ள எங்கள் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

ஜூன் 11
இன்றைய பேப்பரில் என் செய்தி: ‘குடியிருந்தவர்கள் லயத்தைச் சட்டவிரோதமாக விஸ்தரித்ததே விபத்துக்குக் காரணம்.’ கீழே, ஹட்டன் நிருபர் சுதர்ஷினி. நான் எழுதாத வரி!

ஆசிரியர் ஜெரோமிக்குப் போன் எடுத்தேன்.

“முதலாளி மாத்தச் சொன்னாரு. அந்தத் தோட்டக் கம்பனில அவருக்கும் பங்கு இருக்கு.”

“அப்ப என் பேர எதுக்குப் போட்டீங்க?”

“ஒன் பேருன்னாத்தான் தோட்டத்து ஆளுங்க நம்புவாங்க.”

ஜூன் 12
லயத்துக்குப் போனேன். ஆண்டியப்பன் வாசலிலேயே மறித்தார்.

“என் பொஞ்சாதிய நாங்களே கொன்னோம்னு எழுதிட்டு, எந்த மூஞ்சியோட வந்தீங்க?”

பக்கத்து வீட்டுக்காரி காறித் துப்பினாள். பெயர் என்னுடையதுதானே.

ஜூன் 15
நுவரெலியாவில் முதலாளி நல்லமுத்துவின் புத்தக வெளியீடு. பத்திரிகை, வானொலி, பதிப்பகம் எல்லாம் அவருடையவை. அவர் உள்ளே வந்ததும் அரசியல்வாதிகளே எழுந்து நின்றார்கள். திருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன்.

“திருத்தமெல்லாம் கெடையாது. வேணும்னா ஒன் கவிதைங்கள புஸ்தகமாப் போட்டுத் தாறேன்.”

சுற்றி நின்ற எழுத்தாளர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் புத்தகம் போடுகிறவர் அவர்தான். சீ, இவனுங்களும் மனுசனுங்களா!

ஜூன் 20
நாளை கோர்ட்டில் வேலாயியின் மரண விசாரணை. போகாதே என்கிறார் அப்பா. போவேன்.

ஜூன் 21
கோர்ட்டில் சொல்லிவிட்டேன். நான் அனுப்பிய செய்தி வேறு, அச்சில் வந்தது வேறு. அனுப்பியதைப் போனில் காட்டினேன். ஆண்டியப்பன் என்னைப் பார்க்கவேயில்லை.

வெளியே வந்ததும் ஜெரோமி எனக்குப் போன் எடுத்தார். “இனி எந்தப் பேப்பரும் ஒன்னைய எடுக்காது. முதலாளி பாத்துக்குவாரு.”

ஜூன் 24
பேப்பரில் என் படத்தோடு அறிவித்தல் வந்திருக்கிறது: ‘இவருக்கும் எமது நிறுவனத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.’ களவெடுத்தவர்களைத்தான் இப்படிப் போடுவார்கள். அம்மா அழுகிறாள். கடைத்தெருவுக்குப் போக வெட்கமாக இருக்கிறது — எனக்கு ஏன் வெட்கம்?

ஜூன் 27
ஆண்டியப்பன் வீட்டுக்கு வந்தார். கூடவே, அன்று துப்பிய பெண்ணும்.

“கீழ் டிவிசன் லயத்துலயும் சுவர் வெடிச்சிருக்கு. வந்து பாத்து எழுதுங்க.”

“எனக்கு இப்ப பேப்பர் இல்லண்ணே.”

“தெரியும் தங்கச்சி. படத்தோட போட்டிருந்தாங்களே. அதப் பாத்துட்டுத்தான் வந்தோம்.”