இன்ஜினுக்குக் காய்ச்சல்

காருக்கு வைத்தியம் பார்க்கும் மகாராஜாவுக்கு,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள். எத்தனை டிகிரி என்று கேட்காதீர்கள், நம் அடுப்புக்கு மீட்டர் கிடையாது.

இருபது வருஷக் கிழட்டுக் காருக்கு மூன்று புது மீட்டர்! ஆயிலுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, இன்ஜின் சூட்டுக்கு ஒன்று. விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சம்.

இரண்டு நாள் காய்ச்சலோடு நான் வீடெல்லாம் தேடிய தெர்மாமீட்டர் உங்கள் ஸ்பேனர் பெட்டியில் உடைந்து கிடக்கிறது. புது மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அதை ரேடியேட்டருக்குள் விட்டீர்களாம். மகள் சொன்னாள். மனுஷ உடம்புக்குச் செய்தது கொதிக்கிற தண்ணீரைத் தாங்குமா? நேற்று நான் போர்வைக்குள் நடுங்குகிறேன், நீங்கள் வந்து, "பாவம், இன்ஜின் ரொம்ப சூடாகுதுடி" என்கிறீர்கள்.

இப்போதும் முள் ஆடுகிறதா என்று பார்க்கக் காரோடு ஊர் சுற்றப் போய்விட்டீர்கள். நான் பஸ்ஸில் டாக்டரிடம் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில்.

பி.கு.: பானெட்டில் உள்ளங்கையை வைத்து, "இப்ப தேவலையா?" என்று கேட்டதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்கு மீட்டர் வேண்டாம். நான் வந்ததும் அந்தக் கை போதும். கிரீஸைக் கழுவிவிட்டு.