பஸ்ஸில் படித்த ‘ஐ வில்’

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே வந்தாள். படப்பை தாண்டுவதற்குள் பஸ் முழுக்க அந்த வாசனை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நீ இருக்கமாட்டாய் என்று தெரியும். தெரிந்த விஷயத்துக்குக் கழுத்தை எதற்குத் திருப்ப வேண்டும்?

பஸ் என்றாலே உனக்கு வயிற்றைப் புரட்டும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் பிழைக்க வந்தவள், படப்பையிலிருந்து ஒரகடம் போவதற்குள் வெளிறிப் போவாய். உன் வாந்திக்குப் பயந்து உன் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். என் வாய்க்குப் பயந்து என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். மிச்சமிருந்த ஒரே சீட்டில் நாம் இரண்டு பேரும் சேர்ந்தோம். சினேகிதம் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, நமக்கு அது இப்படித்தான் வாய்த்தது.

காருக்குள் ஓடும் ஒயர்களைப் பலகையில் பரப்பி, கட்டி, கறுப்பு டேப் சுற்றுகிற வேலை நமக்கு. லைன் ஓடத் தொடங்குமுன் எல்லாரும் வரிசையில் நின்று வலது கையை முன்னால் நீட்டி உறுதிமொழி சொல்ல வேண்டும். ‘ஐ வில் வேர் மை சேஃப்டி ஷூஸ். ஐ வில் நாட் பாஸ் எ பேட் பீஸ்.’ வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அர்த்தம் கேட்டிருந்தால் பாதிப் பேர் முழித்திருப்போம். பஸ்ஸில் ஒருநாள் நீதான் கேட்டாய், இந்த ‘வில்’ என்றால் என்ன என்று. பிளஸ் டூ வரை படித்தவள் என்ற கெத்தில் நான் சொன்னேன், இனிமேல் செய்யப் போகிறேன் என்று அர்த்தம். நீ, அப்படியானால் தினமும் காலையில் இத்தனை சத்தியம் பண்ணுகிறோமா என்றாய்.

பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. நம் லைனுக்கு நம்மிலிருந்தே ஒருத்தியை லைன் லீடராகப் போடப் போகிறார்கள். காலையில் கொரிய மேனேஜர் முன்னால் நின்று இங்கிலீஷில் பேச வேண்டும். ஹெச்.ஆர். ஆபீசர் நம்மை உட்காரவைத்து விளக்கினார்: “நேத்து நடந்தது போர்டுல இருக்கும்மா. இன்னைக்கு லைன் என்ன பண்ணப் போவுது, அத மட்டும் சொன்னா போதும்.” நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை, நடக்கப் போவதைச் சொன்னால் போதும். ஐ வில், வி வில் இரண்டும் வாய்க்குப் பழகிவிட்டால் வேலை நமக்குத்தான். நீயும் பேர் கொடுத்தாய், நானும் கொடுத்தேன். இருந்தது ஒரே ஒரு இடம்.

சேர்ந்து படிக்கலாம் என்று நீ சொன்னதை நான் வீட்டில் சொன்னபோது மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “போட்டிக்கு நிக்கிறவளுக்கே சொல்லிக்குடுப்பியா? உனக்கு மூளை கீதா இல்லையா?” எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மறுநாள் உன்னிடமே கேட்டேன். “கெடைக்கது ஒருத்திக்குத்தான். ஆனா படிக்கதுக்கு ரெண்டு பேரு வேணும்லா. ஒருத்தி பேசுனா ஒருத்தி கேக்க வேண்டாமா?” என்றாய். மறுபேச்சில்லாமல் சரி என்றேன். எனக்கு அது அபூர்வம்.

முதல் நாள் என் முதல் வாக்கியம், ‘ஐ வில் பை எ கார்.’ நீ எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்தாய்.

“என்னைக்கு வாங்கப் போற?”

“சும்மா சொல்றதுதான்டி. இங்கிலீஷ்தானே.”

“செய்யாததச் சொன்னா அது இங்கிலீஷ்லயும் பொய்தான்ட்டி.”

அப்படி வந்ததுதான் நம் சட்டம். காலையில் பஸ்ஸில் சொல்வதை மறுநாள் பஸ் ஏறுவதற்குள் செய்திருக்க வேண்டும். செய்ய முடியாது என்றால் வாயைத் திறக்கக்கூடாது. என் வாக்கியங்கள் எல்லாம் உடனே சுருங்கிப் போயின. ஐ வில் மேக் சாம்பார். ஐ வில் வாஷ் த யூனிஃபார்ம். ஒரு வாரத்தில் வீட்டு வேலை மொத்தமும் தீர்ந்துவிட்டது. புதுசாக ஒரு வாக்கியம் வேண்டுமென்றால் புதுசாக எதையாவது செய்தாக வேண்டும் என்ற நிலைமை. ‘மை ஹஸ்பண்ட் வில் குக் ஆன் சண்டே’ என்று ஒரு சனிக்கிழமை நான் துணிந்து சொன்னேன். அது அவர் செய்ய வேண்டியது, நீ எப்படிச் சொல்லலாம் என்று சட்டம் பேசினாய். சரி, ‘ஐ வில் மேக் ஹிம் குக்’ என்று மாற்றிச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ரசம் என்ற பெயரில் ஏதோ ஒன்று கொதித்தது. இன்றுவரை ஞாயிறு சமையல் அவருடையதுதான். ரசம் மட்டும் தேறவில்லை.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. வாயே திறக்காமல் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தவள், ஒருநாள் ‘ஐ வில் ஆஸ்க் த ஹவுஸ் ஓனர்’ என்று சொல்லிவிட்டு, சொன்ன பாவத்துக்காகவே அந்த ஓனரம்மாவிடம் போய் நின்று மாடிக்குக் குழாய் இழுக்க வைத்தாய். ‘ஐ வில் ரைட் ஸ்கூட்டி’ என்று நான் சொன்ன அன்று சாயந்திரமே, படப்பையில் புதிதாக மனை பிரித்துப் போட்டிருந்த இடத்தில் உன்னைப் பின்னால் உட்காரவைத்துத்தான் ஓட்டிப் பழகினேன். நீ மாதாவை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாய். மனைக்கல் ஒன்றை இடித்துச் சாய்த்தோம். திரும்பி வந்து நீயே அதை நிமிர்த்தி வைத்தாய்.

இன்டர்வியூ அன்று நடந்ததை நீ கேன்டீனில் சொன்ன அழகை மறக்க முடியாது. ஒரு பெண் வேலைக்கு வரவில்லை, என்ன செய்வீர்கள் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். ‘ஐ வில்’ என்ற வார்த்தையையே கையை நீட்டித்தான் நாம் கற்றுக்கொண்டோம். பஸ்ஸில்கூடக் கை தானாக எழும்பி முன்சீட்டுக்காரி தலையில் இடிக்கும். அங்கேயும் நீ சட்டென்று எழுந்து, வலது கையை நீட்டி, ‘ஐ வில் சிட் இன் ஹர் பிளேஸ்’ என்று முழங்கியிருக்கிறாய். உறுதிமொழி என்று நினைத்து ஹெச்.ஆர். ஆபீசரும் எழுந்து கையை நீட்டிவிட்டார். மேனேஜரும் எழுந்துவிட்டார். மூன்று பேரும் கையை நீட்டியபடி நிற்கிறீர்கள், முதலில் யார் இறக்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சொல்லிச் சொல்லிச் சிரித்து உனக்குப் புரையேறியது.

உனக்கு அடுத்து உள்ளே போன நான் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அதே கேள்விக்கு, ‘ஐ வில் இன்ஃபார்ம் த சூப்பர்வைசர்’ என்றேன். சரியான பதில், சுத்தமான இங்கிலீஷ். உன்னுடையதைவிட நன்றாகவே பேசினேன், அதை இப்போதும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் ‘எங்களை எழுந்து நிற்க வைத்தவள்தான் லைனை நடத்துவாள்’ என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். வேலை உனக்குக் கிடைத்தது.

அன்று திரும்பும்போது நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கோபமா என்றாய். ஆமாம் என்றேன். நாளைக்கும் இருக்குமா என்றாய். ‘ஐ வில் பி ஆங்ரி டுமாரோ ஆல்சோ’ என்றேன், வீம்புக்கு. “சொல்லிட்டல்லா, இனி செஞ்சுதான் ஆவணும்” என்றாய். மறுநாள் தூங்கி எழுந்தால் கோபம் போயிருந்தது. சட்டத்துக்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அலைந்தேன். சாப்பாட்டு நேரத்தில் நீ என் தட்டில் வைத்த நெத்திலிக் கருவாட்டைப் பார்த்ததும் சட்டம் காற்றில் போயிற்று. நான் மீறியது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு நீ மேனேஜர் முன்னால் சொல்வதை எல்லாம் பஸ்ஸில் எனக்குத்தான் முதலில் சொல்லிப் பார்ப்பாய். நான் திருத்துவேன். லைனுக்கு லீடர் நீ, லீடருக்கு சூப்பர்வைசர் நான் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். யாராவது லீவ் போட்டால் நிஜமாகவே அவள் இடத்தில் போய் உட்கார்ந்து டேப் சுற்றினாய். செய்வாள் என்று தெரிந்துதான் உன் பேச்சை எல்லாரும் கேட்டார்கள்.

ரத்தத்தில் கோளாறு என்று சொன்னபோது முதலில் நாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடுவில் தேறி வந்து லைன் முன்னால் நின்றாய். மறுபடி ஆஸ்பத்திரி. காலை ஷிஃப்ட் முடிந்ததும் நான் ஸ்கூட்டியில் வந்துவிடுவேன். ஒரு மத்தியானம், உன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், ‘யூ வில் கம் பேக் நெக்ஸ்ட் மந்த்’ என்று சொல்லிவிட்டேன். உனக்கு வந்ததே கோபம்.

“அது ஒன் கையிலயா இருக்கு?”

நான் உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

“ஒன் கையில இருக்கதச் சொல்லு.”

‘ஐ வில் கம் டுமாரோ’ என்றேன். இது சரி என்றாய். மருந்து ஏறிக்கொண்டிருந்த கையைக் கொஞ்சமாகத் தூக்கி, ‘ஐ வில் வெயிட்’ என்றாய். மறுநாள் வந்தேன். நீ காத்திருந்தாய். அதற்கு மறுநாளும் அப்படியே. கிளம்பும்போது நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, அதுவே நமக்கு வழக்கமாகிவிட்டது.

கடைசியாக ஒருநாள் நான் வழக்கம்போலச் சொன்னேன், ‘ஐ வில் கம் டுமாரோ.’ நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாய். பிறகு, “கீழ போய் ஒரு டீயக் குடிச்சிட்டுப் போ. வெயில்ல வந்திருக்க” என்றாய். அவ்வளவுதான். உன் பங்குக்கு இங்கிலீஷில் ஒன்றும் சொல்லவில்லை. பாதிப் படி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வண்டி ஸ்டாண்டில் நின்று வாய்விட்டு அழுதேன். டீயும் குடித்தேன், நீ சொன்னாய் என்பதற்காக. மறுநாள் நான் சொன்னபடி வந்தேன். உன் கட்டிலில் புதுத் துணி விரித்திருந்தார்கள்.

அடுத்த மாதம் லைன் லீடராக வருகிறாயா என்று ஹெச்.ஆர். ஆபீசர் கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றெல்லாம் இழுக்கவில்லை. ‘ஐ வில்’ என்றேன். இந்த முறை கையை ஒளித்துக்கொள்ளவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று லைனில் நாலைந்து பேர் வரவில்லை. ஆனால் பிளான் ஷீட்டில் அன்றைக்கு முடிக்க வேண்டிய பீஸ்களுக்கு முழு எண்ணிக்கையே போட்டிருந்தது. அதையே சொல்லிடுங்க மேடம், சாயந்திரம் பார்த்துக்கலாம் என்று பிளானிங் பையன் காதில் ஓதினான். நான் மேனேஜர் முன்னால் நின்று, நம்மால் முடிகிற எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. முழு எண்ணிக்கையை மறுபடி வாசித்துவிட்டு, ‘வில் யூ?’ என்று கேட்டார். ‘நோ சார், வி வில் நாட்’ என்றேன். பிளானிங் பையன் ஷீட்டை மடித்துப் பையில் செருகிக்கொண்டான். மாலையில் நான் சொன்ன எண்ணிக்கைக்கு ஒன்றுகூடக் குறையவில்லை. மேனேஜர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு அது போதும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உனக்கு வருஷப் பூசை. மாதா கோயிலில் வாசிக்க நாலு வரி எழுதித் தரச்சொல்லி உன் வீட்டுக்காரர் நேற்று வந்திருந்தார். போகும்போது வாசலில் நின்று, “கடைசில மோட்சத்துல சந்திப்போம்னு ஒரு வரி போட்டுருங்க” என்றார். தலையாட்டினேனே தவிர வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியை எழுத என் கை வரமாட்டேன் என்கிறது. உன்னைச் சந்திப்பதும் சந்திக்காததும் என் கையிலா இருக்கிறது?

என் கையில் இருப்பதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவேன். உன் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று இதை நானே வாசிப்பேன். திங்கட்கிழமை காலை லைன் முன்னால் நின்று, அன்றைக்கு எங்களால் முடிவதை உரக்கச் சொல்வேன். அழமாட்டேன் என்று மட்டும் சொல்லமாட்டேன்.