விளக்கு எரியாத ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வாயாடிக்கு,

உன் சித்தப்பா ஆசையோடு எழுதுவது. நீ, மாப்பிள்ளை, என் பேத்தி மூன்று பேருக்கும் தலைவலி காய்ச்சல் என்று ஒன்றும் அண்டாமல் இருக்க ஆண்டவர் துணை. என் சுகத்தைக் கேட்காதே, என்னை இரும்பில் வார்த்து மேலே கொஞ்சம் தோலைப் போர்த்தி அனுப்பியிருக்கிறார் என்று உனக்குத்தான் தெரியுமே. போன மாதம் ஏணியின் உச்சிப் படியிலிருந்து விழுந்தேன், ஏணிக்குத்தான் அடி. அது இரண்டாம் படி என்று உன் சித்தி சொல்வாள், நம்பாதே. வேலைக்குக் குறைவில்லை. தெருமுனையில் எழும்பியிருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தில் ஒயரிங் பார்க்க வந்த இன்ஜினியர் நான் போட்ட போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஐயா நீங்க எந்தக் காலேஜ் என்று கேட்டார், எட்டாம் வகுப்பையே ரெண்டு தடவை படிச்ச ஆளு நான், அதுக்கு மேல காலேஜ் எதுக்கு என்றேன். மனிதர் சிரித்த சிரிப்பில் மூன்றாம் மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நம் வீட்டுக்குக் கீழே பேக்கரி வைத்திருக்கும் அம்மா உன்னை ரொம்பக் கேட்டார்கள், பிள்ளை பெத்தவ உடம்பைப் பார்த்துக்கிறாளா இல்ல வாயைத்தான் பார்த்துக்கிறாளா என்று கேட்டார்கள், வாயை என்று சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. சித்திக்குத்தான் பார்வை வந்துவிட்டதே, இனி அவசரம் இல்லை, குழந்தை நடக்க ஆரம்பித்ததும் சாவகாசமாக வருகிறோம் என்று எழுதியிருந்தாய். அதை நான் சித்திக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், நல்லதாப் போச்சு, பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு எதுக்கு அலையணும், வரட்டும் மெதுவா என்றாள். பிறகு சக்கரத்தைக் கையால் கொஞ்ச நேரம் சும்மாவே சுற்றிக்கொண்டிருந்தாள், ஊசிக்கு அடியில் துணி இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இதில் நான் ஜரிகை வைக்கப் போவதில்லை அம்மா. ஏணிக் கதை வேறு, இது வேறு.

சித்திக்குப் பார்வை வரவில்லை. இனி வராது.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் தெளிவாகச் சொன்னார், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, போனதைத் திருப்ப முடியாது, மிச்சம் இருக்கும் கொஞ்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். கழுகுப் பார்வை வரும் என்று உனக்கு எழுதியது என் கைச்சரக்கு. கட்டுப் பிரித்த அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் தெரியுதுங்க என்றாள், தெரிந்தது நிஜம்தான், ஜன்னல் எந்தப் பக்கம் என்று சரியாகச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாட்சி சொல்லும் நேரத்தில் அவளே எழுந்து நின்றாள். உனக்குத் தெரியும், பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட வெட்கப்படுகிறவள். இருட்டிலே உட்கார்ந்திருந்தேன், எனக்கும் வெளிச்சம் வந்துச்சு என்று இரண்டே வார்த்தை சொல்லி உட்கார்ந்தாள். ஆலயம் முழுக்க அழுதது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணில் தூசி. மிச்சம் இருந்த அந்த வெளிச்சமும் அதற்குப் பிறகு எப்போது போனதோ எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. அத்தனை பேர் அழுது ஸ்தோத்திரம் சொன்ன பிறகு, ஐயோ அது போயிடுச்சு என்று எப்படி எழுந்து சொல்வாள். சாட்சி சொல்ல நேரம் வைத்திருக்கிறோம், சொன்ன சாட்சியைத் திரும்ப வாங்க நேரம் வைக்கவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். ஆலயத்தில் என் வேலை என்ன என்பதை நீ மறந்திருக்க மாட்டாய், ஊருக்கே தெரியும், போதகர் பாதிப் பிரசங்கம் செய்கிறார், மீதியை நான் செய்கிறேன். பீடத்துக்கு மேலே நான் தொங்கவிட்ட பெரிய விளக்கு அணைந்திருக்கும். இருளில் கிடந்த மனிதரைப் பற்றி அவர் பேசிக்கொண்டே வருவார், நாம விளக்கு ஏத்திக்கிட்டு ஆண்டவரைத் தேடிப் போகல, வெளிச்சமே நம்மைத் தேடி இறங்கி வந்துச்சு, அதுதான் ரட்சிப்பு என்பார். அந்த இடத்துக்கு வருமுன் ஒரு மூச்சு நிறுத்துவார். நான் பின்சுவரில் இருக்கும் குமிழைத் திருப்புவேன், டக் என்று ஒரு சத்தம், விளக்கின் வெளிச்சம் மெல்ல மெல்ல ஏறும். மூன்றாம் வரிசை ஓரத்தில் உன் சித்தி முகத்தை மேலே தூக்குவாள். ஆபரேஷனுக்குப் பிறகு வாராவாரம் தூக்கினாள், சரியாக அந்த நேரத்தில். அதைப் பார்ப்பதற்காகவே சிலர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தியா, விளக்கு ஏறுறது தெரியுது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு நெஞ்சு எப்படி விரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள், சட்டைப் பொத்தான் தெறிக்காததுதான் அதிசயம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த மூச்சை நிறுத்தினார். நான் குமிழைத் திருப்பினேன். டக் என்றது. விளக்கு எரியவில்லை. மேலே ஹோல்டருக்குள் ஒயர் கருகிவிட்டிருக்கிறது, அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பீடம் இருட்டாகவே இருந்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது, சபைப் பொருளாளர் முறைத்த முறைப்பில் வேறு ஆளாயிருந்தால் சாம்பலாகியிருப்பான். என் பக்கம் திரும்பாத முகம் ஒன்றே ஒன்று. மூன்றாம் வரிசை ஓரத்தில் அது மட்டும் மேலே நிமிர்ந்து இருட்டுக் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. உதடு ஸ்தோத்திரம் என்று அசைந்தது. அவளுக்கு அந்த டக் போதுமாக இருந்திருக்கிறது அம்மா. எத்தனை வாரமாகவோ தெரியாது.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னைக்கு வெளிச்சம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க என்றாள். பின்ன, போட்டது யாரு என்றேன். 

மறுநாள் பரிசோதனை நாள்தான் என்று பொய் சொல்லி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒரு சின்ன டார்ச்சை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அந்தக் கண்ணுக்குள் நான் வெளிச்சத்தைப் பார்த்தேன், விழியில் குண்டூசித் தலை மாதிரி மினுங்கியது. தெரியுதாம்மா என்றார், தெரியுது டாக்டர் என்றாள். அவர் டார்ச்சை அணைத்தார், இப்ப என்றார், இப்பவும் தெரியுது, நல்லா தெரியுது என்றாள். அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த பிளக் பாயிண்டைப் பார்த்தேன், கோணலாக மாட்டியிருக்கிறான் எவனோ. அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு அவர் எனக்கு விளக்க ஆரம்பித்தார், நான் அவருக்கு விளக்கினேன், சப்ளை இருக்கு, பல்பு இருக்கு, நடுவுல ஒயர் செத்துப் போச்சு, அதானே டாக்டர் என்றேன். ஆமா, இதைவிட நல்லா என்னால சொல்ல முடியாது என்றார், இதில் ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. வீடு என்றால் சுவரை உடைத்துப் புது ஒயர் இழுத்துவிடுவேன், எத்தனை வீட்டில் இழுத்திருக்கிறேன். இந்த ஒரு ஒயரை உலகத்தில் எந்தக் கொம்பனாலும் மாற்ற முடியாதாம். வேற டாக்டர், வேற ஊர், வேற மருந்து என்று நீ தேட ஆரம்பித்துவிடாதே, எல்லாம் நான் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. வந்தவரை வரட்டும் என்று வைத்துக்கொள்ளக்கூட ஒன்றும் மிச்சமில்லை.

நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு எரியாமலே அவள் முகத்தைத் தூக்கினாள் என்றதும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது, அதுதான்யா விசுவாசம், காணாமலே நம்புறது என்றார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. ஐயா, உங்களுக்கு அது பிரசங்கம், எனக்கு அது பெண்டாட்டி என்றேன். வெளிச்சம் இறங்கி வருது வருதுன்னு சொல்றீங்களே, வந்து நிக்குது சரி, வாங்குறதுக்குக் கண்ணே இல்லாதவ என்னத்தைச் செய்வா, அவளுக்கு அது வந்த மாதிரியா வராத மாதிரியா, அதைச் சொல்லுங்க முதல்ல என்றேன். அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். வசனம் தேடுவார் என்று பார்த்தேன், தேடவில்லை. தெரியலய்யா, எனக்கு நிஜமா தெரியல என்றார். இத்தனை வருஷம் அவர் பேசியதில் எனக்கு முழுசாகப் புரிந்தது அது ஒன்றுதான். கிளம்பும்போது என் கூடவே தெருமுனை வரை நடந்து வந்தார், செருப்புக்கூடப் போடவில்லை.  அந்த மாதிரி ஒரு போதகர் உங்கள் பக்கம் கிடைப்பாரா என்று பார்.

பேக்கரி அம்மாவுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். தாங்கள் போடும் நீலக் கோட்டின் விளிம்பை மடித்துத் தைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நான் வேலைக்குப் போன நேரத்தில் சித்தியே டப்பாவில் துழாவி நூலை எடுத்திருக்கிறாள், சிவப்பு. விளிம்பு முழுக்கச் சிவப்பு நூல், தையல் என்னவோ அளவெடுத்த மாதிரி நேர்கோடு. நான் பதறிப்போய்க் கீழே ஓடினேன், கொடுங்கம்மா பிரிச்சுத் தரேன் என்றேன். கையை வெச்சீங்கன்னா தெரியும், இதுதான் இப்ப ஃபேஷன், உங்களுக்கு என்ன தெரியும் ஒயர்காரரே என்றார்கள். வாராவாரம் அதைப் போட்டுக்கொண்டுதான் ஆராதனைக்கு வருகிறார்கள், சித்திக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள்.

நான் ஜெபம் பண்ணுகிறேனா என்று கேட்டால், பண்ணுகிறேன், ஆனால் அவள் பார்வையைக் கேட்பதில்லை. கேட்டுக் கேட்டு வாய் சலித்துவிட்டது. எரியாத விளக்குக்குக் கீழே நின்றுகொண்டு குமிழைத் திருப்பிக்கொண்டே இருப்பது எனக்கு வராத வேலை. உள்ளே ஒரே இருட்டாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒன்று மட்டும் செய்தேன். ஏணி போட்டு ஏறிக் கருகிய ஒயரை மாற்றினேன், கூடவே பின்சுவரில் இருந்த பழைய குமிழையும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். கடையில் இருந்ததிலேயே சத்தம் பெரிதாக வரும் குமிழாகப் பார்த்து எடுத்தேன், ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிக் காதில் வைத்துக் கேட்டதில் கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பழைய குமிழ் தேய்ந்துகொண்டு வந்தது, நாள் போகப்போகச் சத்தம் அடங்கிவிடும், அவளுக்கும் காது முன்னைப் போல இல்லை, அந்த ஒரு நேரத்தைத் தவறவிட்டுவிட்டால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது. இப்போது டக் என்றால் அது டக். என்னய்யா துப்பாக்கி மாதிரி வெடிக்குது என்று பொருளாளர் வந்து நின்றார், வெளிநாட்டு மாடலுங்க, அப்படித்தான் இருக்கும் என்றேன், ஜனாதிபதி மாளிகையிலேயே இதுதான் என்று அவரே மற்றவர்களுக்கு இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புதுக் குமிழைத் திருப்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சித்தி தோய்த்த துணியை மடித்துக்கொண்டே, குமிழை மாத்தினீங்களா என்றாள். ஆமா, பழசு தேஞ்சு போச்சு என்றேன். துண்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், திரும்பவும் நாலாக மடித்தாள். சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி என்றாள். நான் துணிக்கூடையை அவள் பக்கம் நகர்த்தினேன். இருக்கட்டும் என்றாள்.

அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் திருப்புகிறேன், அவள் முகத்தைத் தூக்குகிறாள், விளக்கு ஏறி அவள் நெற்றியில், மூக்கில், கன்னத்தில் எல்லாம் விழுகிறது. அவளுக்குத் தெரியாது, ஆனால் விழுகிறது. பின்சுவரில் நின்று பார்க்கிறவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

நீ வருவதும் வராததும் உன் வேலையைப் பொறுத்தது, மாப்பிள்ளையை நச்சரிக்காதே. ஆனால் சித்தி குழந்தையைப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டு வராதே, தொடுவாள் என்று நினைத்துக்கொண்டு வா. இந்தக் கடிதத்தில் இருப்பது உனக்குத் தெரியும் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதே. முக்கியமாக ஒன்று, மறந்துவிடாதே. போட்டோ அனுப்பினால் முதலில் போன் பண்ணி, குழந்தை மஞ்சள் கவுன் போட்டிருக்கு சித்தி, கீழே ரெண்டு பல்லு தெரியுது, வலது கையில பொம்மையைத் தலைகீழாப் பிடிச்சிருக்கு என்று பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிடு, சொன்ன பிறகு எப்படி இருக்கு சித்தி என்று கேள். அவள் கையில் போட்டோவை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் உனக்குத் திருப்பிச் சொல்வாள். அவசரப்படாமல் கேட்டுக்கொள். உன் வாய் இத்தனை வருஷம் எங்களைப் படுத்தியதற்கு இப்போதுதான் ஒரு வேலை வந்திருக்கிறது.

குளிரில் காதை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் அப்பா, என் அண்ணன், கண்ணை மூடுமுன் உன்னை என் கையில் கொடுத்தபோது நான் அவரிடம் ஏதேதோ பெரிதாகச் சொல்லி அனுப்பினேன், பாதியாவது செய்திருப்பேன் என்று நம்புகிறேன். ஆண்டவர் உங்கள் மூவர் மேலும் தம் முகத்தைத் திருப்பி வைத்திருப்பாராக, உங்களுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து சித்தி குரல் கொடுக்கிறாள், நான் நல்லா பார்க்கிறேன்னு எழுதுங்க, அடியில எனக்கும் இடம் விடுங்க, கையெழுத்துப் போடணும் என்கிறாள். எழுதியாச்சு, வா என்றேன். அவள் எழுத்து என் எழுத்தின் மேல் ஏறியிருக்கும், கோடு சாய்ந்திருக்கும். அழிக்காமல் வைத்துக்கொள்.

என்றும் உன்,
சித்தப்பா, ஆலயத்து விளக்குக்காரன்

சித்தி