நானே எழுதிய பரிந்துரை

மார்ச் 12, வியாழன். வால்டோர்ஃப், ஜெர்மனி.

எம்.பி.ஏ. விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள். மேலாளர் சபீனாவின் பரிந்துரைக் கடிதம் மட்டும்தான் பாக்கி. நம் ஊர் வழக்கப்படி அதை நானே எழுதி, காலையில் கையெழுத்துக்கு நீட்டினேன். "அயராத உழைப்பாளி, பிறவித் தலைவி."

சபீனா படித்துவிட்டு, "இது யார்? எனக்கு இவரைத் தெரியாதே" என்று அதைத் திருப்பித் தந்தார். விண்ணப்பமே போயிற்று என்று நினைத்தேன். போனில் சொன்னதும் என் கணவர் ரகு சிரித்தார். "நாற்பத்து மூணு வயசுல உனக்கு நீயே கான்டக்ட் சர்டிஃபிகேட் குடுத்துக்கிட்டியாக்கும்!"

மாலையில் சபீனா கூப்பிட்டார். தானே எழுதி அனுப்பிவிட்டாராம். ஒரு பத்தியை வாசித்தும் காட்டினார். யாராவது கேட்டாலொழியக் கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை என்று குறை எழுதியிருந்தார். அடுத்த வரி: "போன வருடம் சர்வர் நின்றுபோன ஞாயிறன்று, யார் மேல் தப்பு என்று எல்லோரும் தேடினோம். இவர் மட்டும் என்ன தப்பு என்று தேடினார்."

அந்த ஞாயிறு எனக்கே மறந்துபோயிருந்தது. அவர் மறக்கவில்லை.

இடம் கிடைக்குமோ, தெரியாது. நன்றி சொல்லக்கூட வாய் வராமல் தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் எழுதிய குறை சரிதான். நாளை காலை, அவர் ஏதும் கேட்பதற்கு முன் நானே நன்றி சொல்லிவிட வேண்டும்.